கைட் ஹார்னஸ்: பார், கொக்கி, வார், கயிறு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கைட் எனும் பெரிய பட்டம் இழுக்க, பலகையில் நின்று தண்ணீரில் சறுக்கும் கைட்சர்ஃபிங்கைப் பழகுகிறவர்கள் கைட்டின் அளவைப் பற்றியும் பலகையைப் பற்றியும் மணிக்கணக்கில் பேசுவார்கள். கைட்டின் இழுப்பை உடம்பில் தாங்கும் ஹார்னஸ் என்று வந்துவிட்டால் மட்டும் "இடுப்புக்குச் சரியா இருந்தா போதும்" என்று முடித்துவிடுவார்கள். அப்புறம் தண்ணீரில் இறங்கியதும் விலா வலிக்கிறது, கொக்கி மேலே ஏறுகிறது, வார் தளர்கிறது என்று அதே சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வரும். அவற்றைக் கேட்டவர்கள் கேட்டபடியே இங்கே தொகுத்திருக்கிறேன். "ஹார்னஸ் சரியில்லை" என்று சொல்லப்படும் தொல்லைகளில் பெரும்பாலானவை முன்பக்கக் கம்பியான பாரின் அகலத்திலும் வாரை இறுக்கும் முறையிலும்தான் தொடங்குகின்றன. அதனால் பதில்களும் அந்தப் பக்கமே அதிகம் போகும்.

ஹார்னஸ்னா இடுப்புல கட்டுற பெல்ட் தானே? முன்னாடி இருக்கிற கம்பிக்கு ஏன் இவ்வளவு பேச்சு?

கைட்டின் இழுப்பு முழுக்க உங்கள் உடம்புக்கு வந்து சேரும் இடம் அந்தக் கம்பிதான். அதன் பெயர் ஸ்ப்ரெடர் பார். இனிமேல் பார் என்றே சொல்கிறேன். (கையில் பிடித்து ஓட்டுவது கன்ட்ரோல் பார். அதைச் சொல்லும்போது முழுப் பெயரையும் சொல்வேன்.) பாரின் நடுவில் கொக்கியோ, இரு முனைகளுக்கும் இடையே ஓடும் கயிறோ இருக்கும். கன்ட்ரோல் பாருக்குக் கீழே தொங்கும் சிக்கன் லூப் என்ற வளையம் அதில் மாட்டும். பாரின் இரு பக்கமும் வார்கள். அந்த வார்கள் முதுகைச் சுற்றியிருக்கும் உறையில் தைக்கப்பட்டிருக்கும்.

பாரின் வேலை, பேரே சொல்வதுபோல, அகட்டிப் பிடிப்பது. முன்னால் ஒரே புள்ளியில் வரும் இழுப்பு உறையின் இரண்டு ஓரங்களையும் உள்நோக்கி இழுக்கப் பார்க்கும். பார் இல்லையென்றால் அந்த ஓரங்கள் இரண்டு பக்கமும் விலாவை நசுக்கிவிடும்.

முதல் ஹார்னஸ், இடுப்பு மாடலா, உட்கார்ற மாடலா?

இடுப்பு மாடல் விலாவுக்குக் கீழே, இடுப்பெலும்புக்கு மேலே, தொப்புளை ஒட்டி உட்காரும். உட்காரும் மாடலில் தொடை வார்கள் உண்டு. கொக்கி இன்னும் தாழ்வாக, அடிவயிற்றுக்கு அருகில் இருக்கும். பழகும் நாட்களில் கைட் பெரும்பாலும் தலைக்கு நேர் மேலேதான் நிற்கும், இழுப்பும் மேல்நோக்கியே இருக்கும். தொடை வார் உள்ள ஹார்னஸ் அந்த இழுப்புக்கு மேலே ஏறாது. முதுகுவலி உள்ளவர்களுக்கும், இடுப்பும் வயிறும் ஒரே அகலத்தில் இருக்கிறவர்களுக்கும் நான் இதைத்தான் சொல்வேன்.

இடுப்பு மாடலில் உடம்பை முறுக்கித் திரும்புவது சுலபம். பலகையில் ஏறி இரண்டு பக்கமும் ஓட்ட வந்துவிட்ட பிறகு பெரும்பாலானோர் அதற்கு மாறிவிடுகிறார்கள். எல்லோரும் மாறுகிறார்கள் என்பதற்காக நீங்கள் மாற வேண்டியதில்லை.

பார் எந்த அகலத்துல வாங்கணும்? ஹார்னஸ் சைஸ் எம் போட்டிருந்தா பாரும் எம் தானே?

அப்படி இல்லை. உறையின் அளவு உங்கள் இடுப்புச் சுற்றளவைப் பொறுத்தது. பாரின் அகலம், ஹார்னஸைப் போட்டு இறுக்கிய பின் உறையின் முன் ஓரங்கள் இரண்டுக்கும் இடையே எவ்வளவு இடம் மிஞ்சுகிறது என்பதைப் பொறுத்தது. ஒரே எம் அளவு உறை ஒருவருக்கு வயிற்றின் முன்பக்கம் வரை வரும், இன்னொருவருக்குப் பக்கவாட்டிலேயே நின்றுவிடும். கடைகளில் கிடைக்கும் பார்கள் பெரும்பாலும் 20 முதல் 30 சென்டிமீட்டருக்குள் இருக்கும்.

பார்க்கும் முறை சுலபம். ஹார்னஸைப் போட்டு, மூச்சை வெளியே விட்டு, வாரை முழுதாக இறுக்குங்கள். இப்போது பாரின் முனைக்கும் உறையின் ஓரத்துக்கும் நடுவே இரண்டு பக்கமும் வார் தெரிய வேண்டும். இரண்டு மூன்று விரல் நுழையும் அளவு இருந்தால் சரி. உறை பாரின் முனையில் போய் முட்டிவிட்டால் பார் நீளம் அதிகம். இன்னும் தளர்வாக இருந்தாலும் இறுக்க இடம் இருக்காது. ஒரு கை அகலத்துக்கு மேல் வார் தெரிந்தால் பார் சிறியது. அது அகட்டிப் பிடிக்காது, ஓரங்கள் விலாவில் குத்தும்.

உறையே பெரிதாகி, இரண்டு ஓரங்களும் முன்னால் தொடப்போகிற மாதிரி வந்தால் சிறிய பார் போட்டுச் சமாளிக்கப் பார்க்காதீர்கள். ஹார்னஸையே மாற்ற வேண்டும். இன்னொன்று, கடையில் சட்டையோடு போட்டுப் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். தடிமனான வெட்சூட் (குளிர் தாங்கும் ரப்பர் உடை) போட்டு ஓட்டுவீர்கள் என்றால் அதைப் போட்டுக்கொண்டு பாருங்கள். குளிர் காலத்துக்கு ஒரு பார், வெயில் காலத்துக்குக் கொஞ்சம் சிறிய பார் என்று இரண்டு வைத்திருப்பவர்களும் உண்டு.

எவ்வளவு இறுக்கினாலும் ஹார்னஸ் மேல ஏறி நெஞ்சுக்கு வந்துடுது. என்ன பண்றது?

அதிகம் வரும் புகார் இதுதான். காரணம் ஒன்றாக இருக்காது, வரிசையாகப் பார்க்க வேண்டும். முதலில் மேலே சொன்ன இடைவெளி இருக்கிறதா என்று பாருங்கள். பார் முட்டி நின்றால் நீங்கள் இறுக்கியதாக நினைப்பது இறுக்கமே இல்லை. அடுத்து, போடும் இடம். பலர் கொக்கியைத் தொப்புளுக்கு மேலே வைத்துக் கட்டிவிடுகிறார்கள். முதலில் உறையை நன்றாகக் கீழே இழுத்து இடுப்பெலும்பின் மேல் உட்கார வைத்து, உள்பட்டையை ஒட்டி, அப்புறம்தான் பாரைப் பூட்ட வேண்டும். ஒரு பக்கத்தை மட்டும் இழுக்காமல் இடம், வலம் என்று மாற்றி மாற்றி இறுக்கினால் கொக்கி நடுவிலேயே நிற்கும்.

மூன்றாவது, தண்ணீர். காய்ந்த நியோப்ரீனும் நுரைப் பட்டையும் நனைந்து அழுந்தியதும் கொஞ்சம் இளகும். இடுப்பளவு தண்ணீரில் நின்று, முழங்காலை மடக்கி ஒரு முறை முங்கி எழுந்து, அங்கேயே மறுபடி இறுக்குங்கள். கரையில் கட்டிய இறுக்கத்தோடு நேராக ஓட்டப் போகிறவருக்குத்தான் பத்து நிமிடத்தில் ஹார்னஸ் ஏறுகிறது.

இதெல்லாம் செய்தும் ஏறினால் கைட் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். தலைக்கு மேலேயே நிறுத்தி வைத்தால் எந்த இடுப்பு ஹார்னஸும் ஏறத்தான் செய்யும். கைட்டைத் தாழ்த்தி, பின்னால் சாய்ந்து, எடையை ஹார்னஸில் போடப் பழகியதும் இழுப்பு சாய்வாக வரும், பாதித் தொல்லை போய்விடும். பல இடுப்பு ஹார்னஸ்களில் தொடை வார் தனியாக மாட்டிக்கொள்ளவும் இடம் இருக்கிறது. பழகும் வரை அதை மாட்டிக்கொள்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஹார்னஸ் அசையல, ஆனா பார் மட்டும் திரும்பி கொக்கி மேல பாக்குது. விலாவுல குத்துது.

பாரின் ஒவ்வொரு பக்கமும் மேல் வார், கீழ் வார் என்று இரண்டு உண்டா என்று பாருங்கள். இருந்தால், கீழ் வார் தளர்ந்திருக்கும். இழுப்பு மேல்நோக்கி வரும்போது பாரைக் கீழே பிடித்து வைப்பது கீழ் வார்தான். அதை மேல் வாரைவிடக் கொஞ்சம் கூடுதலாக இறுக்குங்கள்.

பாருக்குப் பின்னால் இருக்கும் மெத்தையையும் பாருங்கள். அது பாரைவிட அகலமாக இருக்க வேண்டும், நகராமல் பிடித்து நிற்கவும் வேண்டும். நைந்துபோன மெத்தையோடு ஓட்டினால் பாரின் மேல் விளிம்பு நேராகக் கடைசி விலாவில் படும்.

பூட்டு நல்லாத்தான் இருக்கு. ஆனா வார் கொஞ்சம் கொஞ்சமா நழுவிட்டே வருது.

முதல் சந்தேகம் மணல் மீது. வாரைக் கவ்விப் பிடிக்கும் பூட்டின் பற்களுக்கு நடுவே மணலும் உப்பும் அடைந்தால் பிடி நழுவும். நல்ல தண்ணீரில், பூட்டைத் திறந்து மூடியபடியே கழுவுங்கள். பல் தேய்ந்து மழுங்கியிருந்தால் கழுவிப் பயனில்லை, மாற்ற வேண்டியதுதான். வாரின் மேற்பரப்பும் வழுவழுப்பாகித் தேய்ந்திருக்கலாம்.

நைலான் வார் நனைந்தால் சற்று நீளும், பாலியெஸ்டர் அவ்வளவு நீளாது. அதனால் நனைந்த பிறகு ஒரு முறை தளர்வதை நழுவலோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். வாரில் பூட்டை ஒட்டிப் பேனாவால் ஒரு கோடு போடுங்கள். ஓட்டி முடித்து வரும்போது கோடு இடம் மாறியிருந்தால் அது நழுவல். கோடு அங்கேயே இருந்து ஹார்னஸ் தளர்ந்திருந்தால், முன்பு சொன்னபடி தண்ணீரில் நின்று மறுபடி இறுக்கினால் போதும். வாரின் மிச்ச நுனியைத் தொங்கவிடாமல் மடித்துச் செருகி வையுங்கள். சிக்கன் லூப் பக்கம் அது போகவே கூடாது.

கொக்கியா, ஓடுற கயிறா? எது நல்லது?

எப்படி ஓட்டுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. கொக்கியில் மாட்டுவதும் கழற்றுவதும் சுலபம். கைட்டை ஹார்னஸிலிருந்து விடுவித்து, கையால் மட்டும் பிடித்து வித்தை செய்கிறவர்களுக்குக் கொக்கிதான் வேண்டும். பழகுகிறவர்களுக்கும் அதுவே. சொல்லிக்கொடுக்கிறவர் தூரத்தில் நின்று பார்த்தாலே மாட்டியிருக்கிறதா இல்லையா என்று தெரியும்.

கயிறு வைத்த பாரில் வளையம் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு ஓடும். உடம்பைத் திருப்பினாலும் இழுப்பு பக்கவாட்டுக்கு நகர்ந்து கொடுக்கும், ஹார்னஸைச் சுற்றித் திருப்பாது. அலையில் ஓட்டுகிறவர்களும் அடியில் இறக்கை வைத்த ஃபாயில் பலகை ஓட்டுகிறவர்களும் இதை விரும்புவது அதனால்தான். கொக்கி இல்லாததால் நெஞ்சை வைத்துப் பலகையின் மேல் படுத்தால் பலகையும் கீறாது. ஆனால் தண்ணீரில் இருந்தபடி கழற்றி மாட்டுவது கஷ்டம். கயிறு தேயும் என்பதும் உண்டு, அதைத் தனியாகச் சொல்கிறேன்.

கயிறு பார் போட்டதுக்கப்புறம் கன்ட்ரோல் பார் கைக்கு எட்ட மாட்டேங்குது.

கொக்கிக்கென்று செய்த பெரிய பிளாஸ்டிக் சிக்கன் லூப்பையே கயிற்றில் மாட்டியிருப்பீர்கள். கயிறு முன்னால் வளைந்து கொடுக்கும் தூரமும் லூப்பின் நீளமும் சேர்ந்து கன்ட்ரோல் பாரைத் தள்ளி வைத்துவிடுகின்றன. கயிற்றுக்கென்று சின்னதாக, உள்ளே உலோகம் வைத்த லூப்பைப் பல நிறுவனங்கள் தனியாக விற்கின்றன. உங்கள் கன்ட்ரோல் பாருக்கு உரியதையே வாங்குங்கள். பிளாஸ்டிக் லூப் கயிற்றில் ஓடி ஓடித் தானும் தேயும், கயிற்றையும் தேய்க்கும்.

கயிற்றின் நீளத்தையும் பாருங்கள். நடுவில் பிடித்து முன்னால் இழுத்தால் பாரிலிருந்து சில சென்டிமீட்டர் மட்டுமே விலக வேண்டும்.

கைட் தளர்ந்தா லூப் கொக்கியிலிருந்து தானா கழண்டு விழுது. ஆபத்தா?

ஆபத்துதான். கைட் மறுபடி இழுக்கும்போது கன்ட்ரோல் பார் உங்கள் கையில் மட்டும் இருக்கும், அதைத் தள்ளிக் கைட்டின் வலுவைக் குறைக்க வழி இருக்காது. இதற்காகவே சிக்கன் லூப்போடு விரல் போல ஒரு ரப்பர் குழாய் வருகிறது. அது கொக்கிக்கும் பாருக்கும் நடுவே உள்ள துளையில் நுழைந்து லூப்பைக் கழலாமல் பிடிக்கும். லூப்பை மாட்டியதும் அதை முழுதாகத் தள்ளிச் செருகுங்கள். வெயிலில் இளகிப்போனாலோ துளைக்குப் பொருந்தாமல் ஆடினாலோ மாற்றுங்கள்.

லீஷை முன்னாடி மாட்டறதா, பின்னாடியா?

லீஷ் என்பது, லூப்பை விடுவித்த பிறகும் கைட் காணாமல் போகாமல் பிடித்து வைக்கும் கயிறு. முன்னால், பாரிலோ அதன் பக்கத்திலோ அதற்கென்று இருக்கும் வளையத்தில் மாட்டுங்கள். லீஷுக்கும் சொந்தமாக ஒரு விடுவிப்பான் உண்டு. அது ஹார்னஸ் பக்கத்து நுனியில், கண்ணை மூடிக்கொண்டு தடவினாலும் இரண்டு கைக்கும் கிடைக்கும் இடத்தில் இருக்க வேண்டும்.

பின்னால் மாட்டுவது, கன்ட்ரோல் பாரை முதுகுக்குப் பின்னால் கை மாற்றும் வித்தைக்காரர்களுக்கு. அது உங்கள் வேலை இல்லையென்றால் பின்னால் போகாதீர்கள். முதுகில் இருக்கும் துணிக் கைப்பிடியில் மாட்டவே கூடாது. அது பயிற்சியாளர் பிடித்துக்கொள்ள வைத்தது.

குயிக் ரிலீஸ் வேலை செய்யுதான்னு எப்படிப் பாக்கறது? கையில வெச்சுத் தள்ளிப் பாத்தா போதுமா?

போதாது. குயிக் ரிலீஸ் என்பது, ஆபத்து நேரத்தில் ஒரே தள்ளில் லூப்பைத் திறந்து கைட்டை விடுவிக்கும் பூட்டு. எடை இல்லாமல் எல்லா ரிலீஸும் வழுக்கிக்கொண்டு திறக்கும். எடை ஏறியபோது திறக்கிறதா என்பதுதான் கேள்வி. கைட்போர்டிங் ரிலீஸ்களுக்கென்றே ஐஎஸ்ஓ 21853 என்ற தரநிலை 2020-ல் வந்தது. புதிதாக வாங்கும்போது அதைப் பின்பற்றிச் செய்ததா என்று கேளுங்கள். ஆனால் தரநிலை புதுப் பொருளுக்குத்தான். மணலில் கிடந்த உங்கள் ரிலீஸை நீங்கள்தான் சோதிக்க வேண்டும்.

உறுதியான கம்பத்தில் நெஞ்சளவு உயரத்தில் ஒரு கயிற்றைக் கட்டி, கன்ட்ரோல் பாரின் கீழ்ப்பகுதியை அதில் பிணையுங்கள். ஹார்னஸைப் போட்டு, லூப்பை மாட்டி, பின்னால் சாய்ந்து முழு எடையையும் கொடுங்கள். பின்னால் ஒருவர் பிடித்துக்கொள்ளட்டும். இப்போது ரிலீஸை ஒரே தள்ளாகத் தள்ளுங்கள். அப்புறம் மறு கையால். அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு. திறந்ததை மறுபடி பூட்டவும் பழகுங்கள், தண்ணீரில் நடுங்கும் விரல்களோடு செய்ய வேண்டிய வேலை அது. கயிறு பாராக இருந்தால், திறந்த லூப் கயிற்றில் எங்கும் சிக்காமல் உருவிக்கொண்டு போகிறதா என்றும் பாருங்கள்.

தள்ளும் உறைக்கும் உள் ஊசிக்கும் நடுவே ஒரு மணல் துணுக்கு போனாலே கரகரவென்று சத்தம் வரும். அந்தச் சத்தத்தோடு தண்ணீரில் இறங்காதீர்கள். நல்ல தண்ணீரில் திறந்து மூடிக் கழுவினால் போகும். எண்ணெயோ கிரீஸோ தடவ வேண்டாம், அது மணலை இழுத்து ஒட்ட வைக்கும்.

ரிலீஸ் பண்ணிட்டேன், அப்பவும் கைட் இழுக்குது. அடுத்து என்ன?

ரிலீஸ் ஆனதும் கன்ட்ரோல் பார் மேலே ஓடிப்போய், கைட் பாதுகாப்புக் கயிறு ஒன்றில் மட்டும் தொங்கி வலு இழக்க வேண்டும். இன்னும் இழுத்தால் ஏதோ ஒரு கயிறு கன்ட்ரோல் பாரில் சுற்றியிருக்கிறது, அல்லது லீஷ் தவறான இடத்தில் மாட்டியிருக்கிறது. சில வித்தைக்காரர்கள் லீஷைப் பாதுகாப்புக் கயிற்றில் மாட்டாமல் சிக்கன் லூப்போடு சேர்த்து மாட்டுவார்கள். அப்படி மாட்டினால், கன்ட்ரோல் பார் கையை விட்டுப் போனாலும் கைட் முழுதாக வலு இழக்காது. யாரோ செய்கிறார்கள் என்று பார்த்துச் செய்யாதீர்கள்.

அந்த நேரத்தில் செய்ய வேண்டியது ஒன்றுதான். லீஷின் விடுவிப்பானைத் திறந்து கைட்டைப் போக விடுங்கள். காற்றின் போக்கில் ஆள் இருந்தால் குரல் கொடுத்து எச்சரியுங்கள். கயிறு உடம்பில் சுற்றிக்கொண்டால் ஹார்னஸில் இருக்கும் கத்தி உதவும். வளைந்த, விரல் நுழையாத வாய் கொண்ட சின்னக் கத்தி அது. ஹார்னஸோடு வந்த கத்தியைப் பையிலிருந்து எடுத்தே பார்க்காதவர்கள் நிறைய. துரு ஏறி உறையோடு ஒட்டியிருக்கும். எடுத்து, பழைய கைட் கயிறு ஒன்றை இழுத்துப் பிடித்து வெட்டிப் பாருங்கள்.

ஒரு கம்பெனி பாரை இன்னொரு கம்பெனி ஹார்னஸ்ல போடலாமா?

வாரின் அகலம் ஒன்றாக இருந்து, பூட்டும் முறையும் ஒன்றாக இருந்தால் சில சமயம் பொருந்தும். பொருந்துவது போலத் தோன்றினால் போதாது. பக்கவாட்டுப் பூட்டு முழுதாக விழ வேண்டும், எடை போட்டால் வார் மடங்கக் கூடாது. கடினமான ஓடு வைத்த ஹார்னஸ்களில் பாரும் ஓடும் ஒன்றுக்கொன்று அளந்து செய்தவை. அங்கே மாற்றுப் பார் வேண்டாம்.

மலை ஏறுற ஹார்னஸ் இருக்கு. காரபைனர் போட்டு கைட்டுக்கு வெச்சுக்கலாமா?

கூடாது. மலையேற்றத்தில் காரபைனர் என்ற உலோக வளையம் எந்த நிலையிலும் திறக்கக் கூடாது, அதற்காகவே செய்தது. கைட்டில் எடை ஏறிய நேரத்தில்தான் திறக்க வேண்டும். இழுப்பு இருக்கும்போது காரபைனரைக் கையால் கழற்ற முடியாது. பனியில் கைட் ஓட்டினாலும், மணலில் வண்டி ஓட்டினாலும் இதே பதில்தான்.

விண்ட்சர்ஃபிங் ஹார்னஸ் வைத்திருப்பவர்களும் கேட்கிறார்கள். அதில் கொக்கி இருக்கும், ஆனால் லீஷ் வளையமும் கத்தியும் பெரும்பாலும் இருக்காது. லூப்பைக் கழலாமல் பிடிக்கும் குழாய் அதன் கொக்கியில் பொருந்தாமலும் போகலாம்.

பார் துருப்பிடிக்காத எஃகுன்னு சொன்னாங்க. ஆனா பழுப்புக் கறை வருதே?

உப்புத் தண்ணீருக்கு முன்னால் எந்த எஃகும் முழுதாகத் தப்பாது. 316 வகை எஃகில் மாலிப்டினம் கலந்திருக்கும். அது 304-ஐவிட உப்பை நன்றாகத் தாங்கும். மேலோட்டமான பழுப்புக் கறையைத் துடைத்தால் போய்விடும், பயப்பட வேண்டாம். வாருக்கு அடியிலும் திருகைச் சுற்றியும், காற்று படாமல் உப்பு தேங்கும் இடங்களில் ஊசிமுனைக் குழிகள் விழுகின்றனவா என்று பாருங்கள். கொக்கி பாரோடு பற்றவைத்த இடத்தில் மயிரிழைக் கீறல் தெரிந்தால் அந்தப் பாரை அன்றே ஒதுக்கிவிடுங்கள்.

அலுமினியப் பாரில் எஃகுத் திருகு இருந்தால், உப்பு நீரில் இரண்டு உலோகமும் சேர்ந்து அலுமினியம் அரிக்கும், திருகு இறுகிப் பூட்டிக்கொள்ளும். அவ்வப்போது கழற்றி மாட்டி வையுங்கள்.

ஓடுற கயிறை எப்போ மாத்தணும்?

நாள் கணக்கு வைத்துச் சொல்ல முடியாது. மணல் அதிகம் உள்ள இடத்தில் வேகமாகத் தேயும். டைனீமா என்ற வலுவான செயற்கை இழைக் கயிறு லேசாகப் பஞ்சு விடுவது இயல்பு. ஒரு இடத்தில் மெலிந்தால், தட்டையாகி விறைத்தால், உறை பிரிந்து உள் இழை தெரிந்தால் மாற்றுங்கள். நடுப்பகுதியை எல்லோரும் பார்ப்பார்கள். உண்மையில் அறுபடுவது பெரும்பாலும் முனையில், கயிறு பாரின் துளைக்குள் நுழைந்து வளையும் இடத்தில். கயிற்றை வெளியே இழுத்து அந்த ஒரு அங்குலத்தை விரலால் உருட்டிப் பாருங்கள். மேடு பள்ளம் விரலுக்குத் தெரியும்.

டைனீமா வழுவழுப்பானது, சாதாரண முடிச்சு எடை ஏறியதும் நழுவும். பார் செய்தவர்கள் சொன்ன முடிச்சையே போட்டு, நுனியை நீளமாக விட்டு, உடம்பு எடையைத் தொங்கவிட்டு முடிச்சை இறுக்குங்கள். அதற்குப் பிறகு நீளம் கொஞ்சம் மாறியிருக்கும், முன்பு சொன்ன தூரத்தை மறுபடி பார்த்துக்கொள்ளுங்கள். அளவு வெட்டி முடிச்சுப் போட்ட மாற்றுக் கயிறு ஒன்று பையில் இருக்கட்டும்.